எழுமலையில் வந்து இறங்கியவர்

என் அப்பா வீட்டைவிட்டுப் போனபோது எனக்கு ஐந்து வயது, அண்ணனுக்குப் பதினொன்று. அப்பா லாரி ஓட்டியவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனார், திரும்பவில்லை. விபத்து எதுவும் இல்லை. கிளீனர் லாரியை ஓட்டி வந்து முதலாளியிடம் விட்டுவிட்டு, "வழியில இறங்கிப் போயிட்டாரு" என்று மட்டும் சொன்னானாம். அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. வீட்டிலிருந்த ஒரே கல்யாணப் போட்டோவிலும் ஃபிளாஷ் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடியிருப்பார்.

அண்ணன் அந்த வருடமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுத்தவர் தோட்டங்களில் தண்ணீர் பாய்ச்சப் போனார். அவர் உழைப்பில்தான் நான் படித்தேன். லேப் டெக்னீசியன் படிப்பை முடித்து, சில வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு, இப்போது மதுரை கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். மனைவிக்குத் தூத்துக்குடியில் அரசாங்க வேலை. மகளும் அவளோடுதான் இருக்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு போக மற்ற நாளெல்லாம் மாடி வீட்டில் நான் தனியாள். அண்ணன் சொந்த ஊரான எழுமலையிலேயே முருங்கை போட்டிருக்கிறார். எங்களுக்குள் சண்டை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. போன் செய்தால் மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்பதோடு முடிந்துவிடும். அப்பாவைப் பற்றி நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

போன கோடையில் அண்ணன் கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்தார். கருகிய கம்பிச் சுருளை மாற்றிக் கட்டித் தர சாயங்காலம் ஆகும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"வாங்கண்ணே, ஒரு படத்துக்குப் போவோம். ஏசியிலயாவது உக்காந்துருக்கலாம்" என்றேன்.

என்ன படம் என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் கதை புரிந்துவிட்டது. ஓடிப்போன அப்பன் இருபது வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கிறான். இரண்டு மகன்கள். ஒருவன் கதவைத் திறக்கிறான், இன்னொருவன் அடிக்கப் பாய்கிறான். எழுந்து போய்விடலாமா என்று அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன், கையிலேயே வைத்திருந்தார். கடைசியில் அப்பனும் மகன்களும் கட்டிப்பிடித்து அழுதபோது தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றோம். கிளாஸைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் சொன்னார்:

"நம்ம அப்பாவும் வந்தாருடா."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பன்னெண்டு வருசமாச்சு. நீ அப்ப மஸ்கட்டுல இருந்த. நான் முருங்கைக்கா மூட்டைய பஸ்ஸுல ஏத்திக்கிட்டு இருக்கேன், அந்த பஸ்ஸுலருந்தே இறங்குறாரு. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு எனக்கு. அவருக்குத் தெரியல. நேரா எங்கிட்டயே வந்து, நம்ம வீட்டுக்கு வழி கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்க யாருன்னு கேட்டேன். 'அந்த வீட்டுக்காரரு'ங்குறாரு. எப்பிடி இருக்கும் எனக்கு? வீட்டுக்காரராம்! பதினோரு வயசுலருந்து வரப்புல நின்னவன் நானு."

குடிக்காத கிளாஸை மேசையில் வைத்தார்.

"அந்தம்மா செத்துப்போச்சேன்னு சொல்லிட்டேன்."

அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தாள். தினமும் காலையில் தலை முழுகி, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொள்வாள். தாலியை அடகுக்குக்கூடக் கழற்றியதில்லை. 'அவரு எங்கயோ நல்லாருக்காரு' என்று யார் கேட்டாலும் ஒரே பதில். அண்ணன் பொய் சொன்ன அந்த மத்தியானமும் பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் வீட்டில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"அப்பிடியே கல்லுல உக்காந்துட்டாரு" என்றார் அண்ணன். "பயலுக எப்பிடி இருக்காங்கன்னாரு. பெரியவன் வெவசாயம் பாக்குறான், சின்னவன் வெளிநாட்டுல இருக்கான்னேன். டீ வாங்கிக் குடுத்தேன். நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டதுக்கு, வண்டியூர் தெப்பக்குளத்துக்கிட்ட ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனுன்னாரு. அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிட்டாரு."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"எப்பிடிடா சொல்லுவேன்?"

அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. ஆனாலும் கோபம் வந்தது. மோட்டாரை ஆட்டோவில் ஏற்றி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன்.

மஸ்கட்டிலிருந்து வந்த நாளிலிருந்து நான் காலை நடை போவது தெப்பக்குளத்தைச் சுற்றித்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அந்தப் பக்கத்து மண்டபங்களின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எத்தனையோ கிழவர்களைக் கடந்து போயிருக்கிறேன். ஒருவரையும் நின்று பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேடப் போனேன். முதல் இரண்டு மண்டபங்களில் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதில் முகூர்த்தம் இல்லாததால் ஹால் காலியாகக் கிடந்தது. பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், முன்பு லாரி ஓட்டிய வாட்ச்மேன் யாராவது இருந்தாரா என்று கேட்டேன்.

"டிரைவர் ஐயாவா? அவரு போயி அஞ்சு வருசமாச்சே! நீங்க யாருங்கய்யா?"

மகன் என்று சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சவங்க" என்றேன்.

காய்ச்சல் என்று நாலு நாள் படுத்தாராம், ஐந்தாம் நாள் எழுந்திருக்கவில்லை. சமையல்காரர்களே சேர்ந்து தத்தனேரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்திருக்கிறார்கள். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நல்ல மனுசன்யா. சம்சாரம் தவறிப்போச்சாம். வருசா வருசம் அந்தம்மாவுக்கு இந்தக் கெணத்தடியிலதான் எல போட்டுப் படைப்பாரு. காக்கா வந்து எடுக்குற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இங்கே இலை போட்டுக் காக்கையைக் கூப்பிட்ட ஒவ்வொரு வருடமும் அம்மா அங்கே அவருக்காகக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் செத்து இரண்டு வருடம் கழித்து அம்மா செத்தபோது, கல்யாணக் கூறைச்சேலை போர்த்தி, பூ வைத்து, சுமங்கலியாகவே அனுப்பினோம். வந்த பெண்களெல்லாம் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

"புள்ளைக இருக்காங்களா அவருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு இருக்காங்களாம். ஒரு தடவ ஊருக்குப் போயிட்டு வந்து சொன்னாரு. 'மூத்தவன் முன்னாலயே போயி நின்னேன்த்தா, அவன் யாரோ மாதிரி பேசுனான். நானும் யாரோ மாதிரியே இருந்துட்டு வந்துட்டேன். ஆனா டீ வாங்கிக் குடுத்தான்'னு சொல்லிச் சிரிச்சாரு. அதுக்குப் பெறகு ஊர்ப் பேச்சே எடுக்கல."

அவருடைய போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். எப்படி இருப்பார் என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு, "ஒங்க ஒசரம் இருப்பாருய்யா" என்று சொல்லிவிட்டு அண்டாவைக் கழுவ உட்கார்ந்துவிட்டார். நான் யார் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் செய்தேன். அப்பா இல்லை என்றதும் அந்தப் பக்கம் மாடு கத்துவது மட்டும் கேட்டது.

"ஏண்டா, அன்னைக்கு அவருக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சிருக்குமா?"

"இல்லண்ணே. தெரிஞ்சிருக்காது."

"மண்டபத்துல அம்மாவப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலண்ணே."

"சரி" என்றார். அவர் மூச்சு விடுவது கேட்டது.

ஆடி அமாவாசைக்கு அண்ணன் மதுரைக்கு வந்தார். ஆற்றுப் படித்துறையில் இருவரும் மொட்டை போட்டுக்கொண்டு தர்ப்பணம் செய்தோம். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அவரை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "ஒடம்பப் பாத்துக்க, தனியா கெடக்குற" என்றார். பஸ் கிளம்பியது.

மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். மனைவி போனில் விசாரித்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றேன். மண்டபத்து அம்மா சொன்னதை அவளிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் என்றைக்காவது அண்ணி காதுக்குப் போகும், அண்ணியிடமிருந்து அண்ணனுக்குப் போகும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணன் புத்தகம் படிக்கிறவர் இல்லை.