மார்செய் துறைமுகத்தில் ஆடிச்சுற்று

எனக்குத் தெரிந்த ஊர்களை எல்லாம் காலால்தான் தெரிந்துகொண்டேன். முப்பது வருடம் நில அளவையர் வேலை. ராயகிரியில் ஒரு வரப்புத் தகராறு, சிவகிரியில் ஓர் ஓடைப் புறம்போக்கு என்று அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தவன். நடக்கும்போது தப்படி எண்ணும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. சங்கரன்கோவிலில் என் வீட்டிலிருந்து பால் கடை இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி. இதைச் சொன்னால் என் மனைவி, "அளந்து பட்டா போட்டுத் தரப் போறீயளாக்கும்" என்பாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அளந்துகொண்டிருக்கும்போது மழை வந்தாலோ, இரண்டு தரப்பும் அரிவாளைத் தூக்கினாலோ, அப்படியே ஓடிவிடக் கூடாது. சங்கிலி நின்ற இடத்தில், பக்கத்தில் இருக்கும் கல்லில் ஓர் அம்புக்குறி கீறிவிட்டுத்தான் ஓட வேண்டும். மறுநாள் அங்கிருந்து தொடரலாம். குறி இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டியதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம் நானும் மனைவியும் பிரான்ஸ் நாட்டின் தெற்கே, மத்தியதரைக் கடலோரம், மார்செய் என்ற துறைமுகத்தில் இருந்தோம். மகளும் மருமகனும் அங்கே வேலை பார்த்தார்கள். நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. மகளுக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை ஏழாம் மாதத்தைத் தொட்டதும் டாக்டர் அவளை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார். எழுந்து நடக்கக் கூடாது. அதனால் போனோம்.

போன இடத்தில் மனைவிக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் ஜனங்கள் கோயிலைச் சுற்றத் தொடங்கிவிடுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கும்போது அவளுடைய கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. மகள் மூன்றாம் முறை உண்டாகியிருக்கிறாள் என்று போன் வந்த அன்றே, பிள்ளை தங்கினால் இந்த ஆடிக்கு நூற்றியெட்டுச் சுற்று என்று இவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். கொடி ஏறும்போது ஆளோ மார்செய்யில். ஊரில் இருக்கும் தன் அக்காளுக்குப் போன் போட்டு, "எனக்குப் பதிலா நீ சுத்திருதியா?" என்று கேட்டாள். "வேண்டுனவதாம்ட்டி சுத்தணும். இது என்ன ரேஷன் கார்டா, ஆள் மாத்திக் குடுக்க?" என்று அக்காள் வைத்துவிட்டாள்.

நான் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வாழ்நாள் முழுதும் இருந்தவன். ஒரு சுற்றும் சுற்றியதில்லை. அந்த நாட்களில் பஸ் எந்த வழியாக விடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஆஸ்பத்திரியில் மாலையில்தான் பார்க்க விடுவார்கள். காலை முழுவதும் வீட்டில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது மருமகனுக்குப் பொறுக்கவில்லை. ஊரை நடத்திக் காட்டும் ஓர் அம்மாவை ஏற்பாடு செய்தான். அந்த ஊரிலேயே பிறந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓலைத் தொப்பி, எலும்பும் தோலுமான உடம்பு, விறுவிறுவென்ற நடை. அவருடைய இங்கிலீஷும் என் தாலுகா ஆபீஸ் இங்கிலீஷும் எப்படியோ ஒத்துப்போயின.

ஊருக்கு நடுவில் பழைய துறைமுகம். ப எழுத்தைப் படுக்கப் போட்டது போல மூன்று பக்கம் கரை, மேற்கே கடலுக்கு வாய். தலைமாட்டில் காலையில் மீன் விற்கிறார்கள். அங்கே தொடங்கி வழிகாட்டி எங்களை வடகரையோடு அழைத்துப் போனார். படிக்கட்டுச் சந்துகள், ஜன்னலுக்கு ஜன்னல் காயும் துணி, சோப்புக் கடை. எல்லாம் பார்த்துவிட்டுச் சின்னப் படகில் ஏறித் தென்கரைக்கு வந்தோம். இவள் நடுவழியிலேயே முணுமுணுக்கத் தொடங்கினாள்.

"ஏங்க, இந்தம்மா இடம் சுத்திக் கூட்டிட்டுப் போறாக. தண்ணி நமக்கு இடது கைப்பக்கம்லா வருது."

"ஊர் பாக்கப் போனா எந்தப் பக்கம் போனா என்னட்டி?"

"சுத்துன்னா வலம்தான்."

அன்று கடைசியாக மலைமேல் இருக்கும் மாதா கோயிலுக்குப் பஸ்ஸில் போனோம். உச்சியில் கையில் பிள்ளையோடு பொன்னிறத்தில் மாதா நிற்கிறாள். உள்ளே கூரையிலிருந்து கப்பல் பொம்மைகள் தொங்கின. புயலில் பிழைத்து வந்த மாலுமிகள் நேர்ந்துகொண்டு கொடுத்தவை என்றார் வழிகாட்டி. நான் மொழிபெயர்ப்பதற்குள் இவளுக்குப் புரிந்துவிட்டது. "நம்ம கோயில்ல பாம்பு, தேளுன்னு தகடு வாங்கி உண்டியல்ல போடுதோம்லா, அதேதான்" என்றாள். வெளியே வந்து கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே துறைமுகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "அந்தத் தண்ணியச் சுத்திருதேன். இந்த அம்மா மேல இருந்து பாத்துக்கிடட்டும்" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. மூட்டுவலிக்காரி. படகுத்துறை வழியாக ஒரு சுற்று என் நடையில் ஆயிரத்து எழுநூறு தப்படி. ஆடி முடிய இருந்த பன்னிரண்டு நாளும் ஒரு நாளைக்கு ஒன்பது வீதம். இதையெல்லாம் வழிகாட்டியிடம் சொன்னேன், அவராவது தடுப்பார் என்று. அவர் இவளுடைய முழங்காலைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார், நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

முதல் சுற்றிலேயே வம்பு. மீன் கடையில் தொடங்கி, தண்ணீரை வலப்பக்கம் வைத்துத் தென்கரையோடு போய்ப் படகுத்துறையில் இவள் நின்றுவிட்டாள்.

"படகுல ஏறப்படாது. கால் நடந்துக்கிட்டே இருக்கணும்."

"அப்ப சுத்து மூடாதுட்டி. அந்தப் பக்கம் கடல் கெடக்கு. நீந்தியா போவ?"

நாங்கள் எதற்குச் சண்டை போடுகிறோம் என்று வழிகாட்டி கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் சொன்ன யோசனை எனக்குத் தோன்றவேயில்லை. படகு போகும், அம்மா படகுக்குள் நடக்கட்டும் என்றார். அப்படியே நடந்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு, வடகரை வரும் வரைக்கும். முதல் நாள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் படகுக்காரரே ஆட்களை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். செருப்புப் போட மாட்டேன் என்றவளைக் கண்ணாடித் துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கும் என்று பயம் காட்டி, இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டவைத்ததும் வழிகாட்டிதான். ஊரிலிருந்து கொண்டுபோன புளியில் எடுத்த கொட்டைகள் வலது கையில் ஒரு பையில். சுற்று முடிந்தால் ஒன்று இடது முந்தானை முடிச்சுக்குப் போகும்.

நான் துணைக்கு ஷூ போட்டுக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாளோடு வழிகாட்டியிடம் சரித்திரம் தீர்ந்துபோயிற்று. பிறகு அவர் ராஜாக்களை விட்டுவிட்டு, எந்த மீன்காரி யாரோடு பேசுவதில்லை, எந்த வீட்டு ஜன்னல் எத்தனை வருடமாகத் திறக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. நடுவில் இரண்டு நாள் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து ஒரு காற்று அடித்தது. அதற்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வெறும் ஆடிக்காற்று.

பதினோராம் நாள், தொண்ணூற்றாறாவது சுற்று. படகிலிருந்து வடகரையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். மருமகன் போன் வந்தது. மகளுக்கு ரத்தப்போக்கு, உடனே ஆபரேஷன், வாருங்கள் என்றான். இவள் போனை என் கையிலிருந்து பிடுங்கிக் கேட்டாள். வழிகாட்டி சாலைக்கு ஓடி ஒரு டாக்சியை நிறுத்தினார். இவள் சாக்ஸ் காலோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். நான் ஒரு நிமிடம் பிந்திவிட்டேன். "அங்கன என்ன பண்ணுதீய? அங்க புள்ள என்ன பாடுபடுதோ!" என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினாள். வழியெல்லாம் ஏசினாள்.

மகள் பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை. என் உள்ளங்கையும் கொஞ்சமும்தான் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தது. இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

வராந்தாவில் இவள் அழாமல் உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புளியங்கொட்டைகளை எண்ணினாள். தொண்ணூற்றைந்து.

"பாதிச் சுத்துல விட்டுட்டு ஓடியாந்துட்டேன். எங்கன விட்டேன்னுகூட ஞாபகம் இல்ல. அந்துபோன சுத்து இனிமே எப்படிச் சேரும்? மொதல்லருந்து சுத்தணும். அதுக்கு நாளும் இல்ல, எனக்குக் காலும் இல்ல."

"பெத்த புள்ளையப் பாக்கத்தான ஓடியாந்த?"

"அது அம்மனுக்குத் தெரியும். எனக்கு மனசு ஆறணும்லா."

எனக்குப் பயமாக இருந்தது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் ஆயுள் முழுதும் தன்னைத்தான் குற்றம் சொல்வாள். டாக்டர் சொல்லும் எந்தக் காரணமும் காதில் ஏறாது. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவனுக்கு இது தெரியாதா?

மறுநாள் காலை அவளை எழுப்பி, "கெளம்பு" என்றேன். எங்கே என்று கேட்கக்கூட அவளிடம் தெம்பு இல்லை. வடகரைக்கு நேராகப் போய் இறங்கினோம். இரவே நான் போனில் சொல்லியிருந்ததால் வழிகாட்டி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். படகுகளைக் கயிறு போட்டுக் கட்டும் இரும்புக் குற்றிகள் அங்கே வரிசையாக உண்டு. இறங்குதுறையிலிருந்து ஏழாவது குற்றிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கையைக் காட்டினேன்.

கறுப்புப் பெயின்டைச் சுரண்டி ஓர் அம்புக்குறி. சங்கரன்கோவில் வீட்டுச் சாவியால் கீறியது. முனை, நடந்துகொண்டிருந்த திசையைப் பார்த்து இருந்தது.

அவள் குனிந்து விரலால் அதைத் தடவினாள்.

"இத எப்பப் போட்டீய?"

"நேத்து. டாக்சில இருந்து ஏசுனியே, அப்ப."

"உங்களுக்குத்தான் இதுலல்லாம் நம்பிக்கை கிடையாதே."

"அளவு பாதியில நிக்குல்லா" என்றேன்.

அவள் சாக்ஸ் காலை அம்புக்குறிக்கு நேராக வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஷூவக் கழத்துங்க" என்றாள். கழற்றினேன். வழிகாட்டி அதைக் கையில் வாங்கிக்கொண்டார். கல்தரை காலையிலேயே சுட்டது. மீதிப் பாதிச் சுற்றும் அதற்கு மேல் பன்னிரண்டும் முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசி நாலு சுற்றும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அன்று நான் தப்படி எண்ணவில்லை.

போன மாதம் மருமகன் ஒரு படம் அனுப்பினான். இவள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். துறைமுகத்துக் குற்றிகளுக்கு எல்லாம் புதுப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். குறியைக் காணவில்லை. ஏழாவது குற்றியின் மேல் பேத்தி ஏறி உட்கார்ந்து, எங்களைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள்.