தடித்த நரம்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ராஜபாளையத்தில் மில் வேலை முடிந்ததும், தலைமுடியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். நான் அம்மாவின் கட்டிலில் உட்காருவேன். அப்பா சுவரோரமாக நிற்பார். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லுட்டி" என்று அம்மா என்னிடம்தான் சொல்வாள்.

ஆபரேஷன் புண் ஆற விரால் மீன் குழம்பு நல்லது என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் ஒருநாள் சொன்னார். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குத் தூண்டில் கட்டத் தெரியும். பழைய அலுமினிய மூடி ஒன்றை வேப்பிலை அளவுக்கு வெட்டித் தேய்த்தார். அறுந்துபோன என் பாசிமாலையிலிருந்து சிவப்பு மணிகளை எடுத்து அதோடு கோத்தார். தண்ணீரில் இழுத்தால் தகடு மினுக்கிக்கொண்டு சுற்றும். குஞ்சு மீன் என்று நினைத்து விரால் பாய்ந்து கவ்வும். இனி தூண்டிலுக்கு நைலான் நரம்பு மட்டும்தான் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் தேரடிப் பக்கம் ஒரு கடையில் ஏறினோம்.

கடைக்காரர் தலைமுடி போல மெல்லிய நரம்பை எடுத்துப் போட்டார். அப்பா அதைத் தள்ளிவிட்டுத் தடித்த நரம்பைக் கேட்டார். விரலில் சுற்றி இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார்.

"என்ன அண்ணாச்சி, கண்மாயில திமிங்கிலமா கெடக்கு?"

"விராலுதான். உசுரோட வேணும். மெல்லிசுன்னா அறுந்துரும்னு விட்டு விட்டுத்தான் இழுக்கணும். அது மல்லுக்கட்டியே ஓஞ்சு செத்துப்போகும்."

"கொழம்புல கெடக்கப் போறதுக்கு உசுரு என்னத்துக்கு?"

"வீட்டாளு ஆஸ்பத்திரில இருக்கா. அவ வந்த பொறவுதான் கொழம்பு" என்றார் அப்பா. கடைக்காரர் தடித்த நரம்பையே அளந்து கொடுத்தார்.

லீவு நாளில் கண்மாய்க்குப் போனோம். வெயில் ஏறும்போது ஒரு விரால் மாட்டியது. அப்பா அதை ஆடவிடாமல் ஒரே மூச்சில் கரைக்கு இழுத்துவிட்டார். வீட்டில் அண்டாவில் விட்டு, துள்ளி வெளியே விழாதபடி மேலே பலகையும் கல்லும் வைத்தார். தினமும் காலையில் தண்ணீர் மாற்றினார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அப்பா மருந்து வாங்க வெளியே போயிருந்தார்.

"எந்த நரம்புட்டி வாங்குனாக?"

"தடிசு."

அம்மா என்னை முதுகு காட்டி உட்கார வைத்தாள். பிறகு என் சடையைப் பிரித்துத் திரும்பப் பின்னிக்கொண்டே சொன்னாள்: "எனக்குன்னு வைக்க வேண்டாம்னு அப்பாட்ட சொல்லு. நாளைக்கே கொழம்பு வச்சு ரெண்டு பேரும் சாப்பிடுங்க. முள்ளெடுத்து ஒனக்குக் குடுக்கச் சொல்லு."

பஸ்ஸில் அப்படியே சொன்னேன். அப்பாவின் சமையல் அம்மாவுக்குப் பிடிக்காது, அதனால் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்பா புதிதாகப் பின்னிய என் சடையைப் பார்த்தபடி "ம்" என்றார். மறுநாளும் தண்ணீர்தான் மாற்றினார்.

அடுத்த வாரம் அம்மா வீட்டுக்கு வந்தாள். வாடகைக் காரில், அப்பாவின் மடியில் தலை வைத்தபடி. உயிர் ஆஸ்பத்திரியிலேயே போயிருந்தது.

காரியம் முடியும்வரை வீட்டில் கவிச்சி கூடாது. விரால் அண்டாவிலேயே கிடந்தது. வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் அழுது ஓய்ந்த பிறகும் அப்பா அதற்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். காரியம் முடிந்ததும் அத்தை கேட்டாள்: "அண்ணே, இன்னும் எம்புட்டு நாளைக்கு இதக் கட்டி மாரடிப்பீக? இன்னைக்குக் கொழம்பு வைக்கட்டா?"

அப்பா மீனைக் குடத்துக்கு மாற்றினார். என்னையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கு நடந்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குடத்தைச் சாய்த்தார். விரால் அவர் காலடியில் சற்று நின்றது. அப்புறம் பாசிக்குள் போய்விட்டது.

கரையேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அம்மா என்ன சொன்னா தாயி?"

சொன்னேன்.

"சடை பின்னிக்கிட்டா சொன்னா?"

"ஆமா."

"இன்னொருக்கச் சொல்லு" என்றார். மறுபடியும் சொன்னேன்.

அந்த வருஷத்தோடு என் பள்ளிக்கூடம் நின்றது. அடுப்படி எனக்கு வந்தது. அதன் பிறகும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதையே கேட்பார். அப்பாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வேன்.