பாயச வாசப் பூசை

எங்கள் வேதக்கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வாரம் முழுக்கக் கம்பமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பார். மடியில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தூபம் போடுவதும் அவர்தான்.

பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவர்கள் முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. அந்த ஈஸ்டரன்று ஊரே வெறும் வயிற்றோடு முழந்தாளிட்டிருந்தது. தூபம் எழுந்ததும் கோயில் முழுக்கப் பாயச வாசம்! அத்தனை வயிறும் ஒன்றாகக் கடமுடவென்றது. இலத்தீனில் பாடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சாமியாரே எச்சில் விழுங்கினார். நாங்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினோம்.

வெளியே வந்ததும், "என்னண்ணே இது?" என்றேன்.

"சாம்பிராணி தீந்துபோச்சு ஆத்தா. சாமியாரு வைவாகளேன்னு ஏலக்காயைப் போட்டேன். மூணு நாள் கல்லறையில கெடந்து எந்திரிச்சு வந்தவருக்கும் பசிக்கும்ல?"

மறுநாள் கோயில் கூட்டப் போனேன். பீடத்துக்குப் பின்னால் டப்பா நிறையச் சாம்பிராணி இருந்தது.

அடுத்த திருநாளுக்கு முன்னால் அதை ஒளித்து வைத்தது நான்தான்.