பிழைத்துவிட்டார் என்று சொன்னேன்

காலையில் கடைக்காரர் பெருங்காயம் மடித்துக் கொடுத்த தாள், ஏதோ ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் பக்கம். அந்த வாசனைக்கு நடுவே ‘புல் த்ரூ’ என்று அச்சில் கண்டதும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள். பள்ளியில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

மிஷன் பள்ளி டீச்சர் அதற்கு இரண்டு பொருள் சொல்வார்: கஷ்டகாலத்தைக் கடந்து வருவது; பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்தவர் தேறி எழுவது. அவர் சொன்ன உதாரணங்களில் எல்லாரும் தேறிவிடுவார்கள். அதுதான் என்னைக் கெடுத்தது.

யுத்த நாட்கள். திருத்தணியில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது, எதிர்வீட்டு ராஜம்மாவின் கணவர் பட்டாளத்தில் சேர்ந்தார். ஒரு நாள் அவள் கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். என் மடியில் மூன்று மாதக் குழந்தை.

“அக்கா, ஆளு இருக்காரா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க.”

பலத்த காயம், ‘புல்லிங் த்ரூ’ என்றிருந்தது. தேறி வருகிறார், அவ்வளவே. தேதியோ மூன்று வாரம் பழையது. அவள் முகத்தைப் பார்த்து, “பொழச்சிட்டாருடி” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே மலையேறி, நேர்ந்துகொண்டபடி முடி காணிக்கை கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வந்தாள்.

“புருசன் பாத்தா பயந்துகினு திரும்பிப் பூடுவான்டி!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“அதுக்குள்ள வளந்துடும், போக்கா. முருகனுக்குச் சொன்னத வச்சிக்கலாமா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது கைம்பெண்ணின் தலையாகத் தெரிந்தது. தபால்காரர் தெருவில் நுழைந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். குழந்தைக்கு உடம்பு சுட்டால் என் பொய்க்குத் தண்டனையோ என்று தோன்றும். உண்மையைச் சொல்லிவிட இரண்டு முறை அவள் வாசல்வரை போய், உறைமோர் கேட்டு வாங்கி வந்தேன்.

அவள் முடி ஒரு விரற்கடை வளர்ந்த பிறகுதான் கணவர் கைப்பட, அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் கடிதம் வந்தது. அவளே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டாள். பின்னால் அவர் கோல் ஊன்றியபடி வந்தும் சேர்ந்தார்.

யுத்தம் முடிந்ததும் பிழைப்புத் தேடிப் பம்பாய்ப் பக்கம் போய்விட்டார்கள். அந்த வீட்டில் இப்போது தவிட்டு மூட்டைகள். புறப்பட்ட அன்று ராஜம்மா என் கையைப் பிடித்து, “நீங்க சொன்ன சொல்லாலதான் அக்கா அன்னிக்கி எனக்குச் சோறு எறங்குச்சு” என்றாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னேன். விலாசம்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது சொல்லத் துணிந்தாலும், கேட்க அவள் எதிர்வீட்டில் இல்லை.