பதினாலு நிமிடத்தில் வராத லாரி

மார்ச் 3: 5 நிமிடம்
மார்ச் 4: 6
மார்ச் 5: 6
மார்ச் 6: 7
மார்ச் 7: 62
மார்ச் 8: 5
மார்ச் 9: 7
மொத்தம் 98. சராசரி 14.

தண்ணீர் லாரிக்காகத் தெரு காத்திருந்த நேரம் இது. கணக்கு டீச்சர் தானும் குடத்தோடு வரிசையில் நின்று, கைக்கடிகாரம் பார்த்துக் குறித்தது. பிள்ளைகள் பழகிய விஷயத்தில் கேட்டால்தான் அவர்கள் யோசிப்பது தெரியும் என்று, அதையே இறுதித் தேர்வுக்குக் கேள்வியாக எழுதித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்பினார்: ‘மறுநாள் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும்? காரணம் எழுதுக.’ ஐந்து மதிப்பெண்.

தையல்காரியின் மகள் எழுதியிருந்தாள்: ‘ஆறு நிமிடம். ஏழாம் தேதி டயர் வெடித்தது. டயர் தினமும் வெடிக்காது.’

விடைத்தாளின் நகலை வாங்கிப் படித்த டீச்சருக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் ஓரத்தில் சிவப்பு மையில் பூஜ்யம். கணக்கில் மொத்தம் 32. ஜூன் 10-க்குள் 35 காட்டினால்தான் நர்ஸ் பயிற்சியில் அந்தப் பெண்ணுக்கு இடம்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. விடைக்குறிப்பில் ‘காரணம் பொருந்தினால் முழு மதிப்பெண்’ என்று டீச்சர் எழுதிய வரியைத் தேர்வு அலுவலகத்தில் அடித்துவிட்டு, 14 என்ற எண்ணை மட்டும் வைத்திருந்தார்கள். மே 12, 19, 27 என்று மூன்று கடிதம் போட்டார். கிணற்றில் போட்ட கல். மே 30 அன்று நேரிலேயே போனார்.

அதிகாரி ஃபைலைத் திறக்கவே இல்லை. “சராசரின்னா கூட்டி வகுக்கணும் டீச்சர். கதை எழுதினா மார்க் போட முடியுமா?”

“அந்த ஏழு நாள்ல ஒரு நாளாவது லாரி பதினாலு நிமிஷத்துல வந்துச்சா சார்?”

“லாரி எப்ப வந்தா எனக்கென்ன? விடை பதினாலு.”

வேண்டுமானால் இன்னொரு மனு கொடுக்கச் சொன்னார். அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தார் டீச்சர்.

ஜூன் 10 போனது. இடம் வேறொருவருக்குப் போனது. பெண் அம்மாவின் மெஷினில் உட்கார்ந்து பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. தையல்காரிதான் நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாள்: “விடுங்க டீச்சர். தண்ணி பிடிக்கிறவளுக்குத் தெரிஞ்சது, தாள் திருத்துறவனுக்குத் தெரியல.”

மனு ஏற்கப்பட்டது, ஐந்து மதிப்பெண் சேர்த்து மொத்தம் 37 என்று ஒரு கடிதம் வந்தது. அதில் கையெழுத்தான தேதி ஜூன் 6. பள்ளிக்கு வந்து சேர்ந்த தேதி ஜூலை 14.