அகராதியின் மூன்று கணினிகள்

வீட்டில் எல்லோரும் அவளை அகராதி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சொல்லுக்கும் யோசிக்காமல் அர்த்தம் சொல்வாள் என்பது ஒரு காரணம். எதிர்த்துப் பேசினால் லேசில் விடமாட்டாள் என்பது இன்னொன்று. பம்பு, தையல் இயந்திரம் என எதை வாங்கினாலும் அட்டைப்பெட்டிக்குள் ஒரு கையேடு மடிந்து கிடக்குமே, அதைத் தமிழாக்குவது அவள் வேலை. யாருமே படிக்காத எழுத்தாளர் என்று கணவர் கேலி செய்வார்.

"ஷாக் அடிச்சதும் என்னைத்தான் தேடுவாங்க, பாருங்க" என்பாள்.

நாற்பதை நெருங்கும்போது பார்வையின் நடுவில் கறை விழுந்தது. ஓரங்களில் கதவும் ஜன்னலும் தெரிந்தன. நேராகப் பார்த்தது மட்டும் காணாமல் போனது. போனது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவள் தம்பி கணினி பழுது பார்ப்பவன். அவளிடம் இருந்த விண்டோஸ் கணினியில், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான்.

"இனிமே பாக்க வேணாம்க்கா, கேளு."

கேட்டுப் பழகினாள். ஆனால் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்காக அணைந்து எழும்போது குரலும் நின்றுவிடும். நமக்கென்றால் திரையில் ஏதாவது சுழலும். அவள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் உட்கார்ந்து, பெட்டியின் மேல் கைவைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பாள்.

அவள் படும் பாட்டைப் பார்த்து, கணவர் பழைய மேக் ஒன்றை வாங்கி வந்தார். குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் விரல்கள் பழகிய விசைகளெல்லாம் மாறிப்போயின. வேலை கொடுக்கும் நிறுவனத்தின் கோப்புகளைத் திறக்கும் மென்பொருளும் அதற்குக் கிடையாது.

"பெரிய இடத்துக்கு விருந்துக்குப் போன மாதிரி இருக்கு. நாற்காலிய நகத்தவே பயமா இருக்கு" என்றாள்.

மூன்றாவதாகத் தம்பி வேறொரு கணினியில் லினக்ஸ் போட்டுத் தந்தான். குரல் என்னவோ தகர டப்பாதான். 'பழம்' என்பதை 'பளம்' என்றது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இத மாத்த முடியாதாடா?"

"இதுல எத வேணும்னாலும் மாத்தலாம்க்கா."

அக்காவும் தம்பியும் உட்கார்ந்து அதன் உச்சரிப்பு விதிகளைத் திருத்தினார்கள். ஒரு நாள் அது 'மழை' என்று சுத்தமாகச் சொன்னது. அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துச் சிரித்தாள். கண் போனபிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். அவ்வப்போது ஏதோ ஒன்று மாறி சத்தம் அடியோடு நின்றுபோகும். தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வருவான். அதற்காக அவள் அலுத்துக்கொண்டதே இல்லை. நிறுவனத்தின் கோப்புகளும் அதில் திறந்தன, வேலையும் ஒழுங்காக நடந்தது.

பிறகு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. எல்லோரும் இனிப் புது மென்பொருளில்தான் வேலை செய்ய வேண்டுமாம். விண்டோஸில் மட்டும்தான் அது ஓடும். பழைய விண்டோஸ் கணினியைத் தூசி தட்டி எடுத்தாள். குரல் அந்த மென்பொருளுக்குள் நுழைந்து, "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எந்தப் பொத்தான், எதற்கு என்று ஒன்றும் சொல்லவில்லை. அவற்றைச் செய்தவர்கள் யாரும் குரல் படிக்கும்படி பெயர் வைக்கவில்லை. தம்பி முட்டிமோதிப் பார்த்துக் கைவிரித்தான். அவள் நிறுவனத்தின் மேலாளரைப் போனில் கூப்பிட்டாள்.

"மவுஸ்ல கிளிக் பண்ணினா வந்துடுமே மேடம்?"

"மவுஸ் எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா."

"உங்க ஒருத்தருக்காக மாத்தச் சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க மேடம். தப்பா நெனைக்காதீங்க."

கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் படிக்க, அவள் சொல்ல, அவர் தட்டினார். அவள் சொன்ன 'வால்வு' அவர் கையில் 'வாழ்வு' ஆனது. அவள் கத்தினாள். அவர் எழுந்து போனார். போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். வேலை கெடுவுக்குள் முடியவில்லை. அடுத்த வேலை வரவில்லை.

வேறு நிறுவனங்களைக் கேட்டாள். அங்கும் அதே மென்பொருள்.

"நான் அதுக்கு வேற வழி தேடறேன்க்கா" என்றான் தம்பி.

"என் மெஷின்ல எல்லாத்தையும் மாத்திட்டோம்டா. அவங்க மெஷின்ல ஒரு பட்டனுக்குப் பேர் வெக்க முடியல."

கொஞ்ச நாள் காலையில் கணினியைப் போட்டு மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டாள். வீட்டில் யாராவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், "தெரியல" என்றாள். கணவர் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாலை தம்பி போன் செய்தான்.

"லினக்ஸ்ல புது வெர்ஷன் வந்திருக்குக்கா. வந்து போட்டுத் தரவா?"

"வேணாம்டா."

"இப்ப சத்தமெல்லாம் ஒழுங்கா வருதா?"

"போட்டுப் பாக்கல" என்று சொல்லிவிட்டு, போனைக் கணவரிடம் கொடுத்தாள்.