மூன்றாவது சென்சர்

எங்கள் பழைய காரில் எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சர் ஒரே வருடத்தில் இரண்டு தடவை பழுதானது. இரண்டையும் கல்முனையில் ஒரே கடையில்தான் வாங்கினேன். போலிச் சாமான் விற்கிறாய் என்று கடைக்காரரை அவர் முகத்துக்கு நேரேயே ஏசினேன்.

இரண்டாவதைப் பூட்டிய சில மாதங்களில் சூடு காட்டும் முள் அடியிலேயே கிடந்தது. எஞ்சின் குளிர்ந்துதான் ஓடுகிறது என்று மடையன் நான் சந்தோஷப்பட்டேன். பொத்துவிலுக்குப் போகும் வழியில், திருக்கோவில் தாண்டியதும் பொனட்டுக்குள்ளிருந்து ஆவி பறந்தது. கார் அப்படியே நின்றுவிட்டது.

கட்டி இழுத்து வந்து சாய்ந்தமருதில், என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் சென்சரைக் கழற்றி என் கையில் வைத்தார். அதன் முனையில் வெள்ளை வெள்ளையாக உப்பு இறுகியிருந்தது.

"காக்கா, ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துற நீங்க?"

"ஊட்டுக் கிணத்துத் தண்ணிதான்."

"அத நீங்க குடிக்கிறீங்களா?"

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன நாளிலிருந்து, உப்பேறிய அந்தத் தண்ணீரை எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைத்ததில்லை. உடுப்புக் கழுவுவோம், தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்வோம். மிச்சத்தை ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்கு முன்னர், பிஸ்மி சொல்லி, நானே காருக்கு ஊற்றினேன்.

அதே கடையில் ஏசிவிட்டு வாங்கி வந்திருந்த மூன்றாவது சென்சரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"அத வாங்கின கடையிலேயே திருப்பிக் குடுங்க காக்கா. இனிப் பூட்டுறதுக்கு எஞ்சின் இல்ல."